ஸ்லிம் லேப்டாப்ல வேலையும் ஓடணும் கேமும் ஓடணும்னா, சிப்போட பேரை விட வாட்டைப் பாருங்க

தம்பி கேட்டது இதுதான்: ஊரு திருப்பனந்தாள் பக்கம், சென்னை கம்பெனிக்கு வீட்டுலேருந்தே வேலை, மாசத்துல சில நாள் மட்டும் கும்பகோணத்துல சோழன் எக்ஸ்பிரஸ் ஏறி ஆபீஸ் போகணும். வேலைன்னா எக்ஸெல், பவர் பிஐ, நாள் பூரா டீம்ஸ் கால், கொஞ்சம் பைத்தான். ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட வாலரன்ட், ஞாயித்துக்கிழமை ஜிடிஏ 5. பட்ஜெட் 80 ஆயிரம். ஆர்டிஎக்ஸ்ங்கற தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெலிசான லேப்டாப் எடுக்கவா, கார்டே இல்லாத ஸ்லிம் எடுக்கவா?

எனக்கு வேலையே லேப்டாப் சர்வீஸ்தான், கும்பகோணத்துல. அதனால புதுசா பெட்டியைப் பிரிக்கும்போது எப்படி இருக்குங்கறதை விட ரெண்டு மூணு வருஷம் நம்ம ஊரு வெயில்லயும் தூசியிலயும் ஓடினதுக்கப்புறம் எப்படி வந்து நிக்குதுங்கறதைத்தான் நான் அதிகம் பாக்குறேன், அந்தப் பக்கத்துலேருந்தே சொல்றேன்.

உங்க கேள்விக்கு நேரான பதில்: நீங்க சொன்ன வேலைக்கும் நீங்க சொன்ன ரெண்டு கேமுக்கும் தனி கார்டு வேணாம். சிப்புக்குள்ளயே நல்ல கிராஃபிக்ஸ் இருக்கற, ரெண்டு சேனல் ரேம் (ரேம் ரெண்டு வழியா ஓடறது) போட்ட, காத்து நல்லா போய் வர்ற ஒரு ஸ்லிம் எடுங்க. இந்தக் காசுக்கு மெலிசா ஒரு ஆர்டிஎக்ஸ் கெடைச்சாலும் அதுல கார்டுக்காக வேற எதையோ வெட்டியிருப்பாங்க, பெரும்பாலும் ஸ்க்ரீனையும் பேட்டரியையும். நாள் பூரா நீங்க பாக்கப்போறது ஸ்க்ரீனைத்தான்.

இப்ப ஏன்னு சொல்றேன், இதுதான் முக்கியம், ஏன்னா இது புரிஞ்சுட்டா கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

ஒரு கார்டோட பேரு மட்டும் அதோட வேகத்தைச் சொல்லாது. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4050ங்கற அதே பேருல 35 வாட்டுல ஓடறதும் இருக்கு, 115 வாட்டுல ஓடறதும் இருக்கு, கார்டு பண்ற என்விடியாவே கொடுத்திருக்கற எல்லை அது. எவ்வளவு வாட் கொடுக்கணும்ங்கறதை லேப்டாப் பண்ற கம்பெனி தன்னோட பாடிக்கும் ஃபேனுக்கும் தகுந்த மாதிரி முடிவு பண்ணிக்கும். அதனால மெலிசான ஒண்ணுல அடியெல்லை பக்கம் வாட் வாங்கற 4050, தடியான ஒரு லேப்டாப்ல முழு வாட் வாங்கற 3050 கிட்ட வந்து நிக்கக்கூட வாய்ப்பு இருக்கு, ஆனா நீங்க காசு கொடுக்கறது 4050ங்கற பேருக்கு. நம்ம ஊருக்காரங்களுக்கு இதைச் சொல்றது சுலபம்: மேட்டூர்ல எத்தனை அடி தண்ணி நிக்குதுங்கறதை வச்சு கடைமடை வயல்ல நடவு நடக்காது, வாய்க்கால்ல வந்து சேர்றது எவ்வளவோ அதை வச்சுதான் நடக்கும்.

சிப்புக்கும் இதே கதைதான். ப்ராசஸர் மொதல் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் வரைக்கும் டர்போன்னு சொல்லி 50, 60 வாட் கூட இழுக்கும், அதுக்கப்புறம் லேப்டாப் எவ்வளவு சூட்டை வெளிய தள்ள முடியுமோ அந்த அளவுக்கு எறங்கிடும். ஷோரூம்ல நீங்க திறந்து பாக்கறது பூரா அந்த மொதல் நிமிஷம்தான். குரோம் பட்டுனு திறக்கும், எக்ஸெல் பட்டுனு திறக்கும், எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஒரு கேம் அரை மணி நேரம் ஓடினதுக்கப்புறம் எத்தனை வாட் மிச்சம் இருக்கு, அதுதான் அந்த லேப்டாப்போட உண்மையான அளவு.

இதுல நம்ம ஊரு வெயிலு வேற சேருது. யூட்யூப்ல ரிவியூ பண்றவங்க பெரும்பாலும் ஏசி ரூம்ல 23, 24 டிகிரில வச்சு டெஸ்ட் பண்றாங்க. நம்ம பக்கம் கத்திரி வெயில்ல மொட்டை மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல சாயங்காலம் ஆறு மணிக்கும் 35, 36 இருக்கும், ஃபேன் போட்டா சூடான காத்தைத்தான் சுத்தி விடும். ரூம் சூடு எத்தனை டிகிரி ஏறுதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்போட சூடும் ஏறும், இது ஃபிசிக்ஸ், எந்தக் கம்பெனியாலும் மாத்த முடியாது. சிப்பைப் பொறுத்து 95லேருந்து 110 டிகிரி வரைக்கும்தான் எல்லை, அங்க போய் முட்டினதும் அது தன்னைக் காப்பாத்திக்க வாட்டைக் கொறைக்கும். ஏசி ரூம்ல 85ல நின்ன லேப்டாப் நம்ம வீட்டுல 97க்கு வந்துடும், அங்க 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருதுங்கற கணக்கு) காட்டினது இங்க எழுபதுக்கு எறங்கலாம். லேப்டாப் மேல தப்பு இல்ல, அந்த ரிவியூ உங்க ரூமுக்கு எழுதினது இல்ல, அவ்வளவுதான். அதனால ரிவியூ பாக்கும்போது அவங்க காட்டற சூடோட ஒரு பத்து பன்னெண்டு டிகிரி கூட்டிப் பாருங்க, கூட்டினதுக்கப்புறமும் எல்லைக்குக் கீழ இருந்தா அந்த லேப்டாப் டெல்டாவுக்கு வரலாம்.

மெலிசு ஆக ஆக சூட்டைத் தாங்கற இந்த எடம் கொறைஞ்சுகிட்டே வரும். ஒரு ஃபேன், ஒரு ஹீட் பைப் போட்ட ஸ்லிம்மை விட ரெண்டு ஃபேன் போட்ட ஸ்லிம் கேமுக்கு ரொம்பவே மேல். அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க, காத்து உள்ள போற ஓட்டை எங்க, வெளிய வர்ற ஓட்டை எங்கன்னு. சிலதுல வெளிய தள்ற காத்து நேரா ஸ்க்ரீன் கீழ் விளிம்புல போய் அடிக்கற மாதிரி வச்சிருக்காங்க, எனக்கு அந்த டிசைன் பிடிக்காது, ரொம்ப நாள் கேம் ஆடினா அந்தச் சூடெல்லாம் ஸ்க்ரீன் மேலதானே போகுது.

சரி, சிப்பு எதுன்னு பாக்கலாம். பேருல ஏமாத்தற மாதிரி நிறைய இருக்கு, பொறுமையா படிங்க.

ஏஎம்டி பக்கம் ரைசன் 7 7840எச்எஸ், 8840எச்எஸ், 8845எச்எஸ் இதெல்லாத்துலயும் உள்ள இருக்கற கிராஃபிக்ஸ் ரேடியான் 780எம், 12 கோர். உங்களுக்கு இது நல்லாவே போதும். வாலரன்ட் 1080பி-ல செட்டிங்கைக் கொறைச்சு வச்சா 100 எஃப்பிஎஸ்க்கு மேல போகும், ஜிடிஏ 5 நடுத்தர செட்டிங்ல 60 பக்கம் நிக்கும். ரைசன் 5 8640எச்எஸ், 8645எச்எஸ் இதுல 760எம், 8 கோர், ஒரு படி கீழ, ஆனா வாலரன்டுக்கு அதுவும் தாங்கும். இதுக்கு மேல 890எம்-னு 16 கோரோட புதுசும் இருக்கு, ஆனா அது வர்ற லேப்டாப்பெல்லாம் உங்க பட்ஜெட்டைத் தாண்டித்தான் நிக்குது.

ஏமாறக்கூடிய எடம் இது: ரைசன் 7 7730யூ. பேருல 7ம் இருக்கு, 7000ம் இருக்கு, ஆனா உள்ள இருக்கறது பழைய ஜென் 3 (ஜென்ங்கறது ஏஎம்டி சிப்போட தலைமுறைப் பேரு), பழைய வேகா கிராஃபிக்ஸ். 7000 வரிசைல மூணாவது எண்ணைப் பாருங்க, 2ன்னா ஜென் 2, 3ன்னா ஜென் 3, 4ன்னா ஜென் 4. அதாவது 7520யூல ஜென் 2, கிராஃபிக்ஸ் வெறும் 2 கோர், அதுல கேமை நெனைக்கவே வேணாம். 7530யூ எக்ஸெல்லுக்கு நல்லா ஓடும், கேமுக்கு மூச்சு வாங்கும். 7640, 7840ன்னு நாலு வந்தாதான் நமக்கு வேண்டியது.

இன்டெல் பக்கம் கோர் அல்ட்ரா 5 125எச், அல்ட்ரா 7 155எச் இந்த ரெண்டுலயும் ஆர்க் கிராஃபிக்ஸ், முன்னது 7 கோர், பின்னது 8 கோர், ரெண்டும் உங்களுக்கு ஓகே. கடைசி எழுத்து எச்-ஆ யூ-ஆன்னு கண்ணாடி போட்டுப் பாருங்க, 125யூல கிராஃபிக்ஸ் 4 கோர்தான், விலை வித்தியாசமோ கொஞ்சம்தான் இருக்கும். இன்னொண்ணு, கோர் ஐ5 13420எச்சைப் போட்டு ‘எச் ப்ராசஸர் சார், பவர்ஃபுல்’னு விப்பாங்க, ப்ராசஸர் நல்லதுதான், ஆனா உள்ள இருக்கற கிராஃபிக்ஸ் சின்னது, தனி கார்டோட சேத்து விக்கறதுக்குன்னு பண்ணினது அது. கார்டு இல்லாம அதை வாங்கினா கேம்ல அடி வாங்கும். கோர் அல்ட்ரா 200வின்னு வர்றது, 2024ல வந்தது, பேட்டரிக்கும் கேமுக்கும் சேத்து ரொம்ப அழகான சிப்பு, கொறைஞ்ச வாட்டுலயே நல்லா ஓடும், நம்ம சூட்டுக்கு அதான் பொருத்தம்னு கூட சொல்வேன். அதுல ரேம் சிப்போடயே ஒட்டி வருது, 16 இல்லன்னா 32, பின்னாடி ஏத்த வழியே கிடையாது. ஆஃபர்ல உங்க விலைக்கு எறங்கினா யோசிக்காம எடுங்க.

ரேம் பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஏன்னா இதுல ஏமாந்துட்டு என் கடைக்கு வர்றவங்க ரொம்பப் பேரு. உள்ள இருக்கற கிராஃபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, லேப்டாப்போட ரேமைத்தான் பங்கு போட்டுக்கும். அதனால ரேம் ஒரே குச்சியா (ஒரு சேனல்), ரெண்டு குச்சியாங்கறது (ரெண்டு சேனல்) கேம் வேகத்தை நேரடியா தொடும். 16 ஜிபி ஒரே குச்சில இருக்கறதை விட 8ம் 8ம் ரெண்டு குச்சில இருக்கறது கேம்ல கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வேகம். இன்டெலோட பழைய கிராஃபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ ஒரு குச்சி மட்டும் போட்டா தன் பேரையே யூஎச்டி கிராஃபிக்ஸ்னு காட்டும், ஆர்க்கும் அப்படித்தான், ரெண்டு சேனலும் 16 ஜிபியும் இல்லன்னா ஆர்க்னு பேரே காட்டாது. கடையிலயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரிக்குப் போங்க. ஃபார்ம் ஃபேக்டர்னு ஒரு வரி இருக்கும், அதுல ரோ ஆஃப் சிப்ஸ்னு போட்டிருந்தா ரேம் போர்டுல ஒட்டினது, கழட்ட முடியாது. எஸ்ஓ-டிம்முன்னு இருந்தா குச்சி, மாத்தலாம், எத்தனை ஸ்லாட்ல எத்தனை நெரம்பியிருக்குன்னும் அங்கயே காட்டும். ஒட்டின ரேம்னா 16க்கு கீழ வாங்கவே கூடாது. பவர் பிஐல பெரிய ஃபைலைத் திறந்துகிட்டு டீம்ஸ்ல ஸ்க்ரீன் ஷேரும் பண்ணினா 8 ஜிபி அந்த நிமிஷமே தீந்துடும், கிராஃபிக்ஸுக்கும் அதுலேருந்துதான் எடுக்கணும்னா எங்க போறது.

எஸ்எஸ்டி 512 போதும்னு சொல்லுவாங்க, ஜிடிஏ 5 ஒண்ணே 100 ஜிபிக்கு மேல புடிக்கும், அதனால இன்னொரு எஸ்எஸ்டி சொருக எம்.2 ஸ்லாட் காலியா இருக்கான்னு மட்டும் கேட்டுக்குங்க.

ஸ்க்ரீன்ல காசைப் போடுங்க. இந்த விலைல இன்னமும் 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு (கலர் அளவு) வெளிறிப்போன ஸ்க்ரீனைத் தள்ளி விடறாங்க, செவப்பு காவி மாதிரி தெரியும், பகல்ல ஜன்னல் பக்கம் உக்காந்தா எக்ஸெல் கட்டத்தோட கோடே தெரியாது. ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து வேலை பாக்கணும்னா 400 நிட்ஸ் இருந்தா நல்லது, 300க்கு கீழ வேணாம். கலருக்கு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, 16:10 வடிவம், அதாவது 1920க்கு 1200, எக்ஸெல்ல கூடுதலா சில வரி தெரியும், நாள் பூரா பாக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். 120 ஹெர்ட்ஸ் வந்தா வாலரன்டுக்கு நல்லது, இல்லன்னாலும் குடி முழுகிப் போகாது. ஓலெட் ஸ்க்ரீன் பாக்க அவ்வளவு அழகு, ஆனா ரெண்டு விஷயம் யோசிங்க, ஒண்ணு கண்ணாடி மாதிரி பளபளப்பு, பின்னாடி இருக்கற டியூப்லைட்டு அப்படியே உள்ள தெரியும், இன்னொண்ணு வெளிச்சத்தைக் கொறைச்சு வச்சா சிலருக்கு அந்த மினுக்கு கண்ணு வலி, தலைவலி கொடுக்கும். கடையில வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் கொறைச்சு வச்சுட்டு ஒரு பத்து நிமிஷம் எதையாவது படிச்சுப் பாருங்க. ரெசல்யூஷன் 2.8கே, 3கேன்னு ஆசை காட்டினா, உள்ள இருக்கற கிராஃபிக்ஸால அந்த அளவுல கேம் ஓட்ட முடியாது, கேமை 1200பி-க்கு கொறைச்சுதான் ஆடணும்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

இப்ப டெஸ்ட் பண்ற விதம். ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள, கடையில வாங்கினா மாத்திக் கொடுப்பாங்களான்னு பில் போடறதுக்கு முன்னாடியே கேட்டுக்கிட்டு, வீட்டுக்குக் கொண்டு வந்து நீங்க நெசமா உக்காரப்போற ரூம்லயே, ஏசி இல்லன்னா ஏசி இல்லாமயே, மத்தியான நேரத்துல டெஸ்ட் பண்ணுங்க. வாட்டையும் சூட்டையும் காட்டற எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதைத் திறந்து வச்சுக்கிட்டு சினிபெஞ்ச்சுங்கற ப்ராசஸர் டெஸ்ட்டை பத்து நிமிஷம் ஓட விடுங்க. சிபியு பேக்கேஜ் பவர்ங்கற வரியை மட்டும் பாருங்க. பத்தாவது நிமிஷத்துல 15 வாட்டுக்கு கீழ போயிட்டா எச் சிப்புக்குக் கொடுத்த காசு வீண். 25, 30ல நின்னா நல்ல ஸ்லிம். 35க்கு மேல நின்னா ரொம்பவே நல்லா பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் ஜிடிஏ 5 போட்டு அரை மணி நேரம் விடாம ஆடுங்க, அஞ்சாவது நிமிஷத்துல என்ன எஃப்பிஎஸ், முப்பதாவது நிமிஷத்துல என்ன எஃப்பிஎஸ்னு குறிச்சுக்குங்க. பத்து சதவீதம் எறங்கினா சகஜம், கால் பங்கு எறங்கினா திருப்பிக் கொடுத்துடுங்க. சராசரியை மட்டும் பாக்காம ஒரு சதவீத லோங்கறதையும் (ரொம்ப மோசமா எறங்கற நேரத்து எஃப்பிஎஸ்) பாருங்க, சராசரி 60ன்னு காட்டிக்கிட்டு நடு நடுவுல 20க்கு எறங்கி எறங்கி ஏறினா ஆடும்போது தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

ஆடும்போது டபிள்யூ, ஏ, எஸ், டி கீ மேல கை வச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் சூடா இருந்தா உங்க இடது கை வேர்த்துக்கிட்டே இருக்கும், நம்ம ஊரு புழுக்கத்துல அது ரொம்பத் தொல்லை. ஃபேன் சத்தமும் கேளுங்க, டீம்ஸ் கால்ல எதிர்ல இருக்கறவங்க ‘என்ன இரைச்சல்’னு கேக்கற அளவுக்கு இருந்தா வேலைக்கு ஆகாது.

கார்டு இருக்கற லேப்டாப்பைப் பாக்கப் போனா என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும், அதுல எத்தனை வாட்டுன்னு தெளிவா போட்டிருக்கும். பெட்டி மேல இதை அபூர்வமாத்தான் போடுவாங்க.

கேமை ஓட்டற விதத்துலயும் சூட்டைப் பாதி அடக்கலாம். ஜிடிஏ 5ஐ 60 எஃப்பிஎஸ்ல பூட்டி வைங்க, லேப்டாப் தேவையில்லாம 85, 90க்கு ஓடி மூச்சு வாங்காது, ஃபேன் எறங்கும், எஃப்பிஎஸ்ஸும் சீரா நிக்கும். புது கேம்ல எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ்னு (சின்னதா வரைஞ்ச படத்தைப் பெருசாக்கி எஃப்பிஎஸ் ஏத்தற வசதி) இருந்தா அதைப் போட்டுக்குங்க. லேப்டாப்போட பின்பக்கத்தை ரெண்டு விரல்கடை ஒசரத்துக்கு எதையாவது வச்சு தூக்கி விட்டாலே அடியில காத்து போகும், விலை ஒசந்த கூலிங் பேட் எல்லாம் அதுக்கப்புறம்தான். மெத்தை மேல, தலகாணி மேல வச்சு ஆடாதீங்க. இதை நான் தெனமும் சொல்றேன், தெனமும் மெத்தைப் பஞ்சு அடைச்ச ஃபேனைத்தான் கழட்டிக்கிட்டிருக்கேன்.

பேட்டரிக்கு எத்தனை மணி நேரம்னு விளம்பரத்துல போடறதைப் படிக்காதீங்க, வாட்-ஹவர் எவ்வளவுன்னு பாருங்க. 50க்கு கீழன்னா சென்னை போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ப்ளக்கைத் தேடணும், 60, 70 இருந்தா நிம்மதி. மின்வாரியம் மாசாந்திர பராமரிப்புன்னு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டை நிறுத்தற அன்னிக்கும் அதான் கை கொடுக்கும். டைப்-சில சார்ஜ் ஆகற மாடலா எடுங்க, உள்ள கிராஃபிக்ஸ் மட்டும் இருக்கற ஸ்லிம்முக்கு 65 வாட் அடாப்டர் போதும், போனுக்கும் அதுவே ஆகும். கார்டு போட்ட லேப்டாப்புக்கு 150, 180 வாட்டுன்னு செங்கல்லு மாதிரி அடாப்டர் வரும், அது தனியா அரை கிலோவுக்கு மேல, லேப்டாப் எடையை மட்டும் பாத்துட்டு இதை மறந்துடறாங்க. பேட்டரில கேம் ஆடலாம்னு நெனைக்காதீங்க, ப்ளக்கைப் புடுங்கினதும் கார்டோட வாட் பெரிய அளவுல எறங்கிடும். எப்பவும் ப்ளக்குல போட்டு வேலை பாக்கறவங்க செட்டிங்ல 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்தற வசதியைப் போட்டுக்குங்க. முழு சார்ஜும் சூடும் சேந்தா பேட்டரி சீக்கிரம் உப்பிடும், ஸ்லிம்ல பேட்டரி உப்பினா டச்பேடைத்தான் மொதல்ல தூக்கும்.

வீட்டு கரண்டையும் பாருங்க. மெட்டல் பாடி லேப்டாப்பை சார்ஜ்ல போட்டுட்டு கை வச்சா லேசா சுர்ருனு இருக்குன்னு நிறையப் பேரு வர்றாங்க, பெரும்பாலும் லேப்டாப் கோளாறு இல்ல, ரெண்டு பின் அடாப்டரா இருக்கும், இல்ல பழைய வீட்டுல எர்த் சரியில்லாம இருக்கும். மூணு பின் ஒயர் போட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா, சைன் வேவான்னு பாருங்க, ஸ்கொயர் வேவ்ல பெரிய அடாப்டர் ரீங்காரம் போடும், சூடாகும். ஐப்பசி கார்த்திகைல இடி இடிக்கும்போது ப்ளக்கோட சேத்து லான் கேபிளையும் கழட்டி வைங்க, மின்னல் அந்த வழியாவும் வந்து போர்டை அடிக்கும்.

தூசின்னு வந்தா தை மாசி சம்பா அறுப்பு சமயத்துல மெஷின் ஓடற ஊர்ல வயல் பக்கத்து வீடுகள்ல அந்தத் தூசி எல்லா எடத்துலயும் போய் உக்காரும், ஸ்லிம்மோட ஃபின் (சூட்டை வெளிய விடற தகடு) சந்து ரொம்பக் குறுகல், சீக்கிரம் அடைச்சுக்கும். அறுப்பு முடிஞ்சதும் ஒரு தடவை கழட்டி ஃபேனைச் சுத்தம் பண்ணிடுங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்கறவங்க இதைப் படிச்சா, உங்களுக்கு உப்புக் காத்தும் சேருது, போர்ட் ஓட்டைல பச்சை பூக்கறதைப் பாத்திருப்பீங்க, ஜன்னலோரத்துல வச்சே பழகாதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி மூடியை ஒரு ஓரத்தைப் புடிச்சுத் தூக்கிப் பாருங்க, வளைஞ்சு முறுக்கினா அந்த ஹிஞ்ச் ரொம்ப நாள் வராது. சாதா யூஎஸ்பி ஓட்டை குறைஞ்சது ஒண்ணு, எச்டிஎம்ஐ ஒண்ணு வேணும். மெலிசு மெலிசுன்னு ரெண்டு டைப்-சி மட்டும் வச்சு விக்கறாங்க, ஆடிட்டர் ஆபீஸ்காரங்க டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் சொருக எடம் இல்லாம முழிக்கறதைப் பாக்குறேன். உங்களுக்கு மவுஸும் ஹெட்செட்டும் சொருகணும். கீபோர்டும் ஃபேனும் ஸ்பேர் கெடைக்கற பிராண்டா, கிட்டத்துல தஞ்சாவூர்லயோ திருச்சியிலயோ சர்வீஸ் சென்டர் இருக்கா, இல்ல வீட்டுக்கே வந்து பாக்கற வாரன்டியான்னு கேளுங்க. இந்த வாரன்டிக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் கூடன்னாலும் கொடுக்கலாம்.

நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாங்க, ‘மாமா வரும்போது வாங்கிட்டு வரச் சொல்லிடலாமே’ன்னு தோணும். பதினெட்டு வயசுக்கு மேல ஆனவங்க ஒரு லேப்டாப் கொண்டு வந்தா டியூட்டி கிடையாது, அது சரிதான். ஆனா வாரன்டி இந்தியாவுல செல்லுமான்னு அந்த மாடலுக்கே தனியா பாக்கணும், எல்லாத்துக்கும் இன்டர்நேஷனல் வாரன்டி இல்ல. வளைகுடாவுல வாங்கினா கீபோர்டுல அரபி எழுத்தும் சேந்து இருக்கும், ப்ளக்கும் அந்த ஊரு சதுர மூணு பின். விலை வித்தியாசம் பெருசா இருந்தா மட்டும் செய்ங்க.

மேக்புக் ஏர் எடுக்கலாமேன்னு யாராவது சொல்லுவாங்க. எம்1லேருந்து ஃபேனே இல்லாம சத்தமில்லாம அருமையா ஓடுது, பேட்டரிக்கு அதை அடிச்சுக்க முடியாது, ஆனா வாலரன்ட் மேக்ல கிடையாது, பவர் பிஐ டெஸ்க்டாப்பும் விண்டோஸ்ல மட்டும்தான், உங்க ரெண்டு காலும் அங்கயே மாட்டிக்கும். ஸ்னாப்டிராகன் எக்ஸ்ங்கற வேற வகை சிப்பு போட்ட விண்டோஸ் லேப்டாப்பும் பேட்டரிக்கு நல்லது, நிறைய கேமுக்கும் ஆன்ட்டி-சீட்டுக்கும் (கேம்ல ஏமாத்தறதைத் தடுக்கற சாஃப்ட்வேர்) ஒத்து வராது, ஆபீஸ் விபிஎன் ஓடுமான்னும் கேட்டுக்கிட்டுத்தான் எடுக்கணும், உங்களுக்கு வேணாம். வாலரன்டுக்கு விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0ம் செக்யூர் பூட்டும் (ரெண்டும் பாதுகாப்பு வசதி) ஆன்ல இருக்கணும், புது லேப்டாப்ல அது இருக்கும், யாராவது லினக்ஸ் போட்டுத் தர்றேன்னு பயாஸ்ல கை வச்சா மட்டும் பிரச்சனை.

எப்ப கார்டு வேணும்னா, சைபர்பங்க் 2077 மாதிரி, எல்டன் ரிங் மாதிரி கேம் நெஜமாவே ஆடப்போறீங்கன்னா வேணும். 780எம்-ல அதெல்லாம் செட்டிங்கைக் கீழ எறக்கி 30 எஃப்பிஎஸ் பக்கம் தள்ளாடும். அப்படின்னா ஸ்லிம்மை விட்டுடுங்க, ரெண்டே கால் கிலோ லேப்டாப்பா, குறைஞ்சது 6 ஜிபி மெமரி இருக்கற கார்டா, 90 வாட்டுக்கு மேல கொடுக்கற மாடலா எடுங்க. நடுவுல நிக்கற ஆர்டிஎக்ஸ் 2050, 4 ஜிபி 3050 போட்ட ஸ்லிம்ல எனக்கு நம்பிக்கை இல்ல, சூடு கார்டு லேப்டாப் அளவுக்கு, வேகம் 780எம்மை விட கொஞ்சம்தான் கூட, பேட்டரியும் போச்சு.

ரெண்டு மூணு மாடல் பாத்து வச்சிருந்தா முழு மாடல் நம்பரோட போடுங்க, கடைசில வர்ற ரெண்டு எழுத்து வரைக்கும், ஒரே பேருல ரேமும் ஸ்க்ரீனும் வேற வேறயா விக்கறாங்க. ரூம்ல ஏசி இருக்கா இல்லையான்னும் சேத்து சொல்லுங்க தம்பி, பாத்துட்டு எதுன்னு சொல்றேன்.